பெயர்ப்பலகைக்குப் பின்னால்
குடும்ப வாணிகமும் அதன் ஆலோசகர்களும்

நம் நகரங்களின் கடைத்தெருக்களில் நடந்து செல்வோர் கண்ணில் அடிக்கடி படும் சொற்கள் இரண்டு. ஒன்று 'அன்ட் சன்ஸ்', மற்றொன்று 'பிறதர்ஸ்'. கொழும்பாயினும், யாழ்ப்பாணமாயினும், மட்டக்களப்பாயினும், மலைநாட்டுப் பட்டினங்களாயினும் இப்பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. தந்தை தேடியதை மைந்தர் காப்பர், அண்ணன் தொடங்கியதைத் தம்பியர் வளர்ப்பர் என்னும் நம்பிக்கையே அப்பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், பலகை எழுதியவனுக்குக் கூலி கொடுத்தவுடன் அந்நம்பிக்கை நிறைவேறி விடுவதில்லை. நேற்றுவரை ஒரே பந்தியில் உண்ட சகோதரர், இன்று நீதிமன்றத்தின் இருபுறத்து வாங்குகளில் முகம் திருப்பி அமர்ந்திருக்கும் காட்சியை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம்.

காரணம் யாதெனக் கேட்டால் ஊரார் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறுவர். மருமகளின் நாவென்பார் சிலர்; இளையவனின் ஊதாரித்தனமென்பார் சிலர்; கிரக பலனென்பாரும் உளர். ஆனால், கடந்த 60 ஆண்டுகளாக இக்கேள்வியையே தம் துறையாகக் கொண்டு ஆராய்ந்து வரும் அறிஞர் பலர் உண்டு. அவ்வாராய்ச்சியைத் துணைக்கொண்டு குடும்பங்களுக்கு ஆலோசனை கூறுவதைத் தொழிலாகக் கொண்டோரும் உண்டு. அவர்கள் கண்டது யாது, அதனால் நம் வீடுகளுக்கு ஆவது யாது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

ஒரு துறையின் பிறப்பு

வாணிகத்தைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் பாடஞ்சொல்லத் தொடங்கிய காலத்தில், குடும்பம் என்பது அங்கே அழையாத விருந்தாளியாகவே கருதப்பட்டது. உற்பத்தி, விளம்பரம், இலாப நட்டம் ஆகியவை ஆராயப்பட்டன. முதலாளியும் அவர் மகனும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளாதிருப்பதைப் பற்றிப் பாடநூல்கள் வாய் திறக்கவில்லை. இக்குறையைக் கண்டவருள் முன்னவர் லியோன் டாங்கோ என்னும் அமெரிக்கப் பொருளியலாளர். அவர் 1962ஆம் ஆண்டில் கிளீவ்லன்ட் நகரில் குடும்ப வாணிகத்துக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, தமக்குப் பின் யார் என்று எண்ணிப் பாராத முதலாளிமாரிடம் அக்கேள்வியை நேருக்கு நேர் எழுப்பினார். 1971இல் ஹரி லெவின்சன் என்னும் உளவியலாளர், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலும் உடன்பிறந்தார்க்கிடையிலும் எழும் போட்டி தாபனத்தின் நிருவாகத்தை எவ்வாறு சிதைக்கிறது என்று ஹார்வர்ட் வாணிக இதழில் எழுதினார். 1986இல் இவ்வாலோசகர்களுக்கென ஒரு சங்கம் அமெரிக்காவில் தோன்றியது. 1988இல் அச்சங்கத்தின் ஆய்விதழும் வெளிவரலாயிற்று.

மூன்று வட்டங்கள்

இத்துறையினர் எங்கே கூடினும் தவறாது வரையும் படம் ஒன்றுண்டு. 1978ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரெனாட்டோ தாகியூரியும் அவர் மாணவரான ஜோன் டேவிசும் வகுத்த படம் அது. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மூன்று வட்டங்களே அதில் உள்ளன. ஒரு வட்டம் குடும்பம். ஒரு வட்டம் உடைமை. ஒரு வட்டம் தொழில். பள்ளிச் சிறுவனும் வரையக்கூடிய இப்படம் எத்துணைப் பயனுடையதென்பதை ஒரு கடையைக் கற்பனை செய்து பார்த்தால் உணரலாம்.

பெரிய புடைவைக்கடை ஒன்று. அதைத் தொடங்கிய முதலாளிக்கு இப்போது வயது 74. கடையும் கட்டடமும் அவர் பெயரிலேயே உள்ளன. மூத்த மகன் 20 ஆண்டுகளாகக் காலை முதல் இரவுவரை கடையில் நிற்கிறான். ஆனால், அவன் பெயரில் ஒரு பங்கும் இல்லை. இளைய மகன் இலண்டனில் கணக்காளனாக இருக்கிறான். மகள் ஆசிரியை; அவள் கணவர் மாலை வேளைகளில் கடைக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறார். 30 ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் கணக்குப்பிள்ளை, கொள்முதல் முழுவதையும் தன் விரல்நுனியில் வைத்திருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, நகையை அடகு வைத்துக் கடையின் முதல் சரக்குக்குப் பணம் கொடுத்த தாய் இருக்கிறார்.

இவர்களை வட்டங்களில் நிறுத்திப் பாருங்கள். முதலாளி ஒருவரே மூன்று வட்டங்களும் சேரும் நடுவிடத்தில் நிற்கிறார். மூத்தவன் குடும்பத்திலும் தொழிலிலும் நிற்கிறான், உடைமையில் இல்லை. இளையவன் இன்று குடும்ப வட்டத்தில் மட்டுமே இருப்பவன்; நாளை உடைமை வட்டத்தினுள் வரக்கூடியவன். கணக்குப்பிள்ளைக்குத் தொழில் வட்டத்தில் மட்டுமே இடம்.

இப்போது இலாபத்தை என்ன செய்வது என்னும் பேச்சு எழுகிறது. கடையைப் பெருப்பிக்க வேண்டும் என்கிறான் மூத்தவன். வரவில் தனக்கும் ஒரு பகுதி வரவேண்டும் என்கிறான் இளையவன். பிள்ளைகளுள் வேறுபாடு கூடாது என்கிறாள் மகள். சம்பள உயர்வைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லையே என்று மனத்துள் நொந்துகொள்கிறார் கணக்குப்பிள்ளை. இவர்களுள் எவரும் பேராசைக்காரரல்லர். எவரும் பொய் கூறவில்லை. நிற்கும் இடம் வேறாகையால் தோன்றும் நியாயமும் வேறாகிறது. குணக்கேடு என்று நாம் கருதுவது பெரும்பாலும் இடவேறுபாடே என்பதை இம்மூன்று வட்டங்கள் நமக்குக் காட்டுகின்றன. இதை உணர்ந்த அண்ணன் தம்பியர், ஒருவரை ஒருவர் ஏசுவதை நிறுத்திப் பிரச்சினையைப் பேசத் தொடங்குவர்.

எல்லோரும் சேர்ந்து காக்கும் மௌனம்

ஆயினும் பேசத் தொடங்குவதே இங்குப் பெரும்பாடு. 1988இல் அந்த ஆய்விதழின் முதலாவது ஆண்டிலேயே ஐவன் லான்ஸ்பேர்க் என்பவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்பட்டு வருகிறது. முதலாளிக்குப் பின் யார் என்பதைப் பேசாதிருப்பதற்குக் குடும்பம் முழுவதும் ஒரு சதியில் ஈடுபடுகிறது என்றார் அவர். தீய எண்ணத்தாற் செய்யும் சதியன்று. அச்சத்தாலும் அன்பாலும் செய்யும் சதி.

முதலாளிக்குத் தம் முடிவை நினைக்க மனமில்லை. கடையில்லாத ஒரு காலையை அவராற் கற்பனை செய்ய இயலாது. மனைவிக்கோ, கணவரின் உயிரே கடையில் இருப்பதாகத் தோன்றுகிறது. பிள்ளைகள் வாய் திறந்தால், தந்தை இருக்கும்போதே சொத்துக்கு அலைகிறார்கள் என்ற பழி வரும். பழைய ஊழியர்க்கு முதலாளியோடுதான் உறவு. புதியவர் வந்தால் தம் நிலை என்னாகுமோ என்பது அவர்தம் கவலை. வாடிக்கைக்காரருங்கூட முதலாளியின் முகத்தைப் பார்த்தே கடைக்கு வருகின்றனர். ஆக, எல்லோருக்கும் மௌனமே சௌகரியமாகிறது. நம்மவரிடையே இம்மௌனத்துக்கு வேறோர் அரணும் உண்டு. சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நாம் கருதுகிறோம்; மரணசாதனம் என்னும் சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறோம்.

இம்மௌனத்தின் விலை பெரிது. அதைக் காண்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவின் மிகப் பெரிய தொழிற் குடும்பங்களுள் ஒன்றின் தலைவரான திருபாய் அம்பானி, 2002ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மரணசாதனம் எழுதாமலே காலமானார். அவர் மைந்தர் இருவரிடையே எழுந்த பிணக்கு நாடறிந்த செய்தியாயிற்று. 2005இல் தாயாரே முன்னின்று தாபனங்களைப் பங்கிட்டு அதைத் தீர்க்க வேண்டியதாயிற்று. நாடு முழுதும் சட்ட நிபுணர்களை அமர்த்தவல்ல ஒரு குடும்பத்திலேயே ஒரு சாதனம் எழுதப்படாமற் போயிற்றென்றால், நம் கடைத்தெருவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாம் தலைமுறை என்னும் பூச்சாண்டி

இத்துறையில் அடிக்கடி கூறப்படும் ஒரு கணக்கைப் பற்றியும் இங்கே எச்சரிக்கை செய்தல் வேண்டும். பாட்டன் தேடுவான், தந்தை காப்பான், பேரன் அழிப்பான் என்பது பல நாடுகளில் வழங்கும் நம்பிக்கை. இதற்கு ஆதாரமாக 100 குடும்பத் தாபனங்களுள் 13 மட்டுமே மூன்றாம் தலைமுறையைக் காண்கின்றன என்று பேச்சாளர் பலர் முழங்குவர். இக்கணக்கு ஜோன் வார்ட் என்பார் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்தது. அவர் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1924இல் இயங்கிய 200 உற்பத்தித் தாபனங்களை எடுத்து, 1984இல் அவை என்னாயின என்று பார்த்தார். 100க்கு 13 வீதமானவை அதே குடும்பத்தின் கையில் இருந்தன.

ஒரு மாநிலத்தில், ஒரு வகைத் தாபனங்களில், 60 ஆண்டு இடைவெளியில் எடுத்த கணக்கு அது. உலகின் எல்லாக் கடைகளுக்கும் அதைப் பொதுவாக்குவது முறையன்று. அந்த 60 ஆண்டுகளினுள் பெரும் பொருளாதார வீழ்ச்சியொன்றும் உலகப்போரொன்றும் அடங்கியிருந்தன. மேலும், ஒரு கடை மூடப்பட்டால் அது தோல்வியே என்று கொள்வதும் பிழை. தந்தை நல்ல விலைக்கு ஆலையை விற்று, பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆக்கினால் அதைத் தோல்வியென்று யார் சொல்வர்? நல்ல ஆலோசகர் கடையை எப்படியும் காப்பாற்றுங்கள் என்று வற்புறுத்துவதில்லை. காப்பதா, பிரிப்பதா, விற்பதா என்பதை எல்லோரும் அறிந்து தெளிந்து தீர்மானிக்கச் செய்வதே அவர் கடமை.

எனினும், விற்க மனமில்லாத குடும்பங்களை மூடர் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. தென் ஸ்பெயின் நாட்டில் குடும்பங்களுக்குச் சொந்தமான 1,237 ஒலிவ் எண்ணெய் ஆலைகளைப் பற்றிய ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. கூட்டுறவுச் சங்கத்திற் சேர்ந்தால் ஆபத்துக் குறைவு என்று அறிந்தும், ஆலை தம் குடும்பத்தின் கையைவிட்டுப் போகக்கூடாதென்பதற்காகப் பெரும்பாலோர் சேராதிருந்தனர். குடும்பப் பெயர், ஊரில் உள்ள மதிப்பு, முன்னோரின் நினைவு ஆகியவும் அவர்களுக்கு ஒருவகைச் செல்வமே என்பது ஆய்வாளர் முடிபு. கடையை விற்றுவிடு என்று இலண்டனிலிருந்து எழுதும் இளையவனும், விற்கவே மாட்டேன் என்னும் மூத்தவனும் இந்த ஆலைக்காரரை நினைத்துப் பார்த்தல் நன்று.

முன்னோர் கண்ட வழிகள்

எழுதிய ஏற்பாட்டால் நிலைத்த குடும்பங்களும் உண்டு. யப்பானில் மிற்சுயி தகதோஷி என்னும் வணிகர் 1673ஆம் ஆண்டில் இன்றைய தோக்கியோ நகரில் ஒரு துணிக்கடை தொடங்கினார். 1694இல் அவர் மறைந்தார். கடைகளைப் பிள்ளைகள் துண்டாடவில்லை. 1710இல் அவற்றையெல்லாம் ஒருங்கே மேற்பார்க்கும் ஒரு தலைமைப் பணிமனையை அமைத்தனர். 1722இல் மூத்த மகன் குடும்பத்துக்கென ஒரு சாசனம் எழுதினார். முதலைப் பிரிக்காமல் வைத்து, ஒவ்வொரு கிளைக்கும் உரிய பங்கை அது வகுத்தது. இன்று ஆலோசகர்கள் குடும்ப யாப்பு என்று கூறுவதற்கு இது ஏறக்குறைய 300 ஆண்டுகள் முற்பட்டது. அந்நாட்டு வணிகர், தகுதியான மகன் இல்லாவிடில் தகுதியுள்ள மருமகனைச் சுவீகாரம் செய்து தலைமையைக் கொடுப்பதும் வழக்கம். 1978இல் சுசுக்கி மோட்டார்த் தாபனத்தின் தலைவரான ஒசாமு சுசுக்கியும் அவ்வாறு குடும்பத்துள் வந்த மருமகனே.

நம் பக்கத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரை எடுத்துக்கொள்வோம். கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு காலத்தில் அவர்தம் வட்டிக்கடைகள் நிறைந்திருந்தன. மகனுக்கு மணமானதும் அவனையும் மருமகளையும் 'வேறு வைத்தல்' அவர்கள் மரபு. வீடு ஒன்றே, ஆனால், அடுப்பு வேறு, செலவுக் கணக்கு வேறு. மணமான ஆடவன் ஒவ்வொருவனும் தனிப் 'புள்ளி'யாக எண்ணப்பட்டுக் கோயில் வரி செலுத்துவான். ஒன்றாக வாழவேண்டும் என்பதற்காகவே எதை வேறாக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்த விவேகம் இது.

அம்மரபிலும் எழுதப்படாத ஓரிடம் இருந்தது. நகரத்தார் குடும்பமொன்று 1900ஆம் ஆண்டில் பர்மாவில் தொடங்கிய வட்டித்தொழில், முருகப்பா என்னும் பெயரில் இன்று சென்னையில் பெருந் தொழிற்குழுமமாக விளங்குகிறது. அக்குடும்பத்தவர் ஒருவர் 2017இல் காலமானபின், அவருடைய மூத்த மகள் குடும்ப முதலீட்டுக் கம்பனியின் இயக்குநர் சபையில் இடங் கோரினார். 2020இல் பங்குதாரர் கூட்டம் அதை ஏற்கவில்லை. நெடிய பிணக்குக்குப் பின் 2023 ஓகஸ்டில் உடன்பாடு காணப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஆனால், 'சன்ஸ்' என்று எழுதிய பலகைகளைப் பார்க்கும்போது, மகளிரைப் பற்றிய கேள்வியை நம் குடும்பங்கள் எத்தனை காலம் ஒத்திவைக்க முடியும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

நம் நாட்டில் இக்கேள்விக்குச் சட்டமும் பக்கபலமாய் நிற்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகைப்படுத்தியது. மணவாழ்க்கையின்போது ஈட்டிய தேட்டத்தில் மனைவிக்கும் உரிமை உண்டென்பது அதன் கொள்கை. 1911ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வந்த சட்டங்கள் இவ்விதிகளைத் திருத்தின. சீதனம் கொடுத்தாயிற்று, மகளின் கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிடுவோர் ஒரு சட்டத்தரணியைக் கண்டு பேசுதல் நலம். கடை தனியொருவர் பெயரில் இருக்கிறதா, பங்குடைமையா, கம்பனியா என்பதையும் பொறுத்தே முதலாளிக்குப் பின் அதன் கதி அமையும்.

ஆலோசகர் செய்வது யாது?

இனி, குடும்ப ஆலோசகர் எவ்வாறு வேலை செய்கிறார் என்பதைக் காண்போம். அவர் முதலிற் கேட்பது கணக்குப் புத்தகத்தையன்று. குடும்ப மரத்தை வரைந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, நெடுநேரம் செவிமடுக்கிறார். ஒருவர் தனிமையிற் கூறியதை அவர் சம்மதமின்றி மற்றவருக்கு வெளியிடுவதில்லை. பின்னர் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைக்கிறார். சட்டத்தரணி, கணக்காளர், தேவையாயின் உளவியலாளர் ஆகியோரின் துணையையும் நாடுகிறார்.

அம்மேசையில் கேட்கப்படும் கேள்விகள் எளியவை. குடும்பத்தவர் கடையில் வேலைக்குச் சேர என்ன தகுதி வேண்டும்? முதலில் வேறோரிடத்திற் சில ஆண்டுகள் பணியாற்றி வரவேண்டுமா? உழைப்பவருக்குச் சம்பளம் எவ்வளவு, உழைக்காத பங்காளருக்கு இலாபத்தில் எவ்வளவு? ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கை யார், எவ்விலைக்கு வாங்குவது? இரு பக்கமும் ஒத்துப்போகாவிடின் யாரிடம் செல்வது? முதலாளி எந்நாளில் சாவியைக் கொடுப்பார், அதன்பின் அவர் என்ன செய்வார்? விடைகள் எழுதப்பட்டு ஒரு குடும்ப யாப்பாகின்றன. சட்ட வலு வேண்டிய பகுதிகள் நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாகவும் மரணசாதனமாகவும் ஆக்கப்படுகின்றன. ஆண்டுக்கொருமுறையேனும் கூடிப் பேசும் குடும்பச் சபையொன்றும் அமைகிறது.

பிரான்சில் உள்ள இன்சியாட் வாணிகக் கல்லூரியின் அறிஞர் மூவர் 2005இல் ஓர் உண்மையை வலியுறுத்தினர். தமக்குப் பாதகமான தீர்மானத்தையும், அது எடுக்கப்பட்ட முறை நேர்மையாயிருந்தால் மனிதர் ஏற்றுக்கொள்வர் என்பதே அது. தம் பேச்சுக்குச் செவி கொடுக்கப்பட்டது, காரணம் விளக்கப்பட்டது என்ற திருப்தி பணத்தால் வாங்க முடியாதது. இங்கேயே போலி ஆலோசகரையும் நாம் இனங்கண்டுகொள்ளலாம். தந்தையிடம் கூலி வாங்கித் தந்தையின் முடிவைப் பிள்ளைகளுக்கு அறிவிப்பவர் ஆலோசகரல்லர், தூதர். வந்த அன்றே தீர்ப்புக் கூறுபவரையும் வாசலோடு அனுப்பிவிடுதல் நன்று.

சிறிய கடைக்காரர் இத்தகைய நிபுணருக்குக் கட்டணம் கொடுக்க இயலாதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால், மூன்று வட்டங்களை வரைவதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். எல்லோரும் மதிக்கும், சொத்தில் தொடர்பில்லாத ஒரு பெரியவரை நடுவே அமர்த்தி, மேற்கூறிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு விடைகளை எழுதி வைக்கலாம். தாயும் மகளும் அடுப்படியில் நின்று கேட்காமல் அம்மேசையில் இருக்கவேண்டும். கணக்குப்பிள்ளையின் எதிர்காலத்தையும் மறத்தலாகாது.

நாம் கற்பனை செய்த புடைவைக்கடைக்கு ஒருமுறை திரும்புவோம். இரவு 8 மணி. விளக்குகள் அணைக்கப்படுகின்றன. 74 வயது முதலாளி லாச்சியைப் பூட்டிச் சாவியை மடியிற் செருகுகிறார். மூத்தவன் ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கேட்க வேண்டிய கேள்வி அவன் நாவில் இருக்கிறது. சொல்ல வேண்டிய பதில் அவர் நெஞ்சில் இருக்கிறது. இருவரும் பேசாமலே வீட்டுக்கு நடக்கிறார்கள். இவ்வாறு எத்தனை இரவுகள்!

பிள்ளைகள் இக்கேள்வியைக் கேட்டால் அது பேராசையாகத் தோன்றும். தந்தையே எடுத்தால் அது அன்பாகும். ஆகையால் முதற் சொல் பெரியவரிடமிருந்தே வரவேண்டும். இதை வாசிக்கும் முதலாளிமாருள் ஒருவரேனும் அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டின் பின், பிள்ளைகளை இருக்கச் சொல்லி, 'எனக்குப் பின் என்ன செய்யலாம், நீங்கள் ஒவ்வொருவரும் நினைப்பதைச் சொல்லுங்கள்' என்று கேட்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.